யாத்ரான் பறந்த ஞாயிற்றுக்கிழமை

இந்தக் கோடையில் குரோஷியாவுக்குப் போவதில்லை என்று நான் முடிவெடுத்தேன்.

முடிவெடுத்தது குளியலறையில். கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சுவர்க் கண்ணாடியைப் பார்த்து உரக்கச் சொன்னேன். கண்ணாடிக்குள் இருந்தவன் உடனே தலையாட்டினான். வீட்டில் என் பேச்சுக்குத் தலையாட்டுகிற ஒரே ஆள் அவன்தான்.

கடலே இல்லாத எங்கள் மொராவியாவில் கோடை வந்தால் ஊரே குரோஷியாக் கடலுக்குக் கிளம்பும். டப்பா நிறைய ஷ்னிட்சல் என்கிற இறைச்சி வறுவலைப் பொரித்துக்கொண்டு, இருட்டோடு காரில் ஏறி, எல்லையைத் தாண்டுமுன் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் கடற்கரையில் மணலோடு தின்பார்கள். கல்யாணமானதிலிருந்து நானும் தின்கிறேன். மணல் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது மாமியார். பின் சீட்டில் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் காரை ஓட்டும் மனைவிக்குப் பக்கத்தில், முன் சீட்டு அவருக்கு. பின் சீட்டில் நான், என் மடியில் ஷ்னிட்சல் டப்பா. எனக்கும் தலை சுற்றும். ஆனால் அதைக் கேட்க யாருமில்லை, டப்பாவைத் தவிர.

அதே இரண்டு வாரம்தான் ஆற்றங்கரைப் புல்வெளியில் எங்கள் குட்டி விமானச் சங்கம் கூடாரம் அடிக்கிறது. பகலெல்லாம் தரையில் நின்றபடி ரேடியோப் பெட்டியால் விமானம் ஓட்டலாம். சாயங்காலம் பீர். இரவில் தவளைச் சத்தம். மாமியார் சத்தம் கிடையாது. சொர்க்கம் என்று பாதிரியார் சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஊரில் பாதிப் பேர் என் கண்ணாடி வழியாகத்தான் மீதிப் பேரைப் பார்க்கிறார்கள். என் மனைவி மிலாடாவுக்குக் கண்ணாடி தேவைப்பட்டதேயில்லை. அவளுக்கு நானே கண்ணாடி. எனக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரியும்.

குளியலறையிலிருந்து வெளியே வந்தேன்.

"பல் வலியா?" என்றாள் மிலாடா. "உள்ள தனியாப் பேசிக்கிட்டிருந்தியே."

"வலி இல்ல. ஒரு முடிவு."

"அய்யோ. வலியாவே இருந்திருக்கலாம்."

"இந்த வருஷம் நாம கடலுக்குப் போகல. சங்கத்துக் கூடாரத்துக்குப் போறோம்."

"ஈயம் வேற மாதிரி சொல்லிச்சே?"

இந்த ஈயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸ் இரவில் எங்கள் வீடுகளில் ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றுவோம். அது உறைந்து எந்த உருவம் எடுக்கிறதோ, வரப்போகிற வருஷத்தில் அதுதான் நடக்கும். போன கிறிஸ்துமஸில் எங்கள் ஈயம் வளைந்து, ஒரு ஓரம் மெலிந்து, நுனி சுருண்டு வந்தது. நான் "இறக்கை" என்றேன். மிலாடா "அலை" என்றாள். மாமியார் மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "முன் சீட்டு மாதிரி இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு மதம்.

நான் என் மதத்துக்குக் கோயில் கட்ட ஆரம்பித்தேன், சாப்பாட்டு மேசையின்மேல். குளிர்காலம் முழுக்க மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி, மேலே வெள்ளைப் படலம் போர்த்தி ஒரு விமானம் வளர்ந்தது. இறக்கை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வந்தது. நாங்கள் அடுப்படியில் நின்றபடி சாப்பிட்டோம். மிலாடா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இப்போது அவள் மேசையைப் பார்த்தாள், விமானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரி. இது வானத்துல முழுசா ஒரு சுத்து சுத்தி, உடையாமத் தரையில இறங்கட்டும். கூடாரத்துக்கே போவோம். அம்மாகிட்ட நானே சொல்லிடறேன். இல்லைன்னா கடல்."

"நிஜமாவா?"

"ஆனா நீ ஓட்டணும். உன் கையால."

"பின்ன, உங்க அம்மாவா ஓட்டுவாங்க?"

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியம் செய்த பிறகுதான் எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் முதல் பறத்தலுக்காக விமானத்தைச் சீர்செய்ய உட்கார்ந்தேன். மூக்கு நுனியில், கிட்டத்தில் பார்க்க நான் போடுகிற கண்ணாடி. அதைப் போட்டால் திருகாணி தெளிவாகத் தெரியும், மிலாடாவின் முகம் மங்கலாகத் தெரியும். வீட்டு வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கண்ணாடி கிடையாது.

இரண்டு ஆள்காட்டி விரல்களை இறக்கைக்கு அடியில் வைத்து விமானத்தைத் தூக்கினேன். தராசு முள்போல அது மட்டமாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. களைத்த நாய் உட்காருவதுபோல வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தது.

"வால் கனம்" என்றேன். "மூக்குல ஏதாவது எடை வைக்கணும். இந்த நேரத்துல ஈயத்துக்கு எங்க போவேன்?"

மிலாடா அலமாரியைத் திறந்தாள். கிறிஸ்துமஸ் ஈயத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தா, இதை வை."

என் கண் கலங்கியது. "அப்ப இது இறக்கைதான்னு ஒத்துக்கறியா?"

"இல்ல. அலையை மூக்குல கட்டிக்கிட்டு ஒருத்தன் பறக்கப் போறான்னு சொல்றேன்."

ஈயத்தை மூக்குக்குள் வைத்துக் கட்டினேன். விமானம் என் விரல்களின்மேல் மட்டமாக நின்றது. அவ்வளவு பெரிய பொருள் அவ்வளவு சின்ன இடத்தில் நிற்பதைப் பார்த்தால், கோபத்தில் இருப்பவர்களும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிடுவார்கள்.

பிறகு ரேடியோப் பெட்டியை எடுத்தேன். இரண்டு குச்சிகள், ஒரு விளக்கு.

"இப்ப வலப்பக்கம் திருப்பறேன் பாரு." குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். இறக்கையின் பின்விளிம்பில் இருந்த தட்டுகள் அசைந்தன. "எப்படி!"

"லூபோர்."

"ம்?"

"வலப்பக்கம் திரும்பணும்னா வலது இறக்கைத் தட்டு மேல எழும்பணும்னு போன வாரம் எனக்குப் பாடம் நடத்தினியே?"

"ஆமா."

"கீழ போகுது."

குனிந்து பார்த்தேன். கீழேதான் போயிருந்தது. இதோடு பறந்திருந்தால், வலம் என்று நான் நினைக்க, இடம் என்று அது நினைக்க, இரண்டு பேருக்கும் நடுவில் பூமி வந்திருக்கும்.

"உன்னைச் சோதிச்சேன்" என்றேன்.

"நான் பாஸா?"

"பாஸ்."

"நீ?" என்று கேட்டுவிட்டு அவள் ரொட்டி மாவு பிசையப் போனாள்.

நான் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு ஹவ்ரானெக்கிடம் ஓடினேன். ஹவ்ரானெக் எங்கள் சங்கத்தின் தலைவன். எந்தப் புது விமானத்தையும் முதலில் பறக்கவிட்டுப் பார்ப்பவன் அவன்தான். கொடுத்தால் இஸ்திரிப் பெட்டியைக்கூட ஒரு சுற்று சுற்றி இறக்கிவிடுவான்.

"நீ ஓட்டு, நான் ஓட்டற மாதிரி நிக்கறேன்" என்றேன்.

"புரியலையே."

"விமானம் உன் பெட்டி பேச்சைக் கேக்கட்டும். என் பெட்டியில விளக்கு மட்டும் எரியட்டும். நீ புதருக்குப் பின்னால நில்லு. நான் முன்னால நின்னு குச்சியை ஆட்டறேன்."

"இது ஏமாத்துதானே?"

"மிலாடாவை இதுவரைக்கும் யாராவது ஏமாத்திப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"பாக்க ஆசை இல்லையா?"

ஹவ்ரானெக் கண்ணை மூடி யோசித்தான். ஆசை இருந்தது. அவனுக்கும் ஒரு மனைவி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை. வசந்தத்தின் உச்சம். ஓடுபாதைப் புல்லை ஒட்டக் கத்தரித்திருந்தார்கள். அதற்கு அப்பால் கடுகு வயல், கண்ணைக் கூசவைக்கும் மஞ்சளாக. மூடிப்போன சாராய ஆலையின் புகைபோக்கியில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் அவைதான். சந்தா கட்டாமல் எங்களைவிட நன்றாகப் பறப்பவை.

சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் தெரியாத முகத்தோடு நின்றார்கள். ஆண்கள் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றும்போது எவ்வளவு அசடாகத் தெரிவார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமியார் மடக்கு நாற்காலியில் வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அது எப்ப விழும்?" என்று கேட்டார்.

"அம்மா, இன்னும் கிளம்பவே இல்ல" என்றாள் மிலாடா.

"கேட்டு வச்சுக்கறேன். அந்த நேரம் திரும்பிப் பாக்கணுமில்ல."

திருகாணி முடுக்கிய அதே கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு உந்துவிசிறியை மறுபடி ஒருமுறை இறுக்கினேன். எங்கள் வழக்கப்படி புது விமானத்துக்கு ஒரு ஞானத்தாய் வேண்டும். பெயர் வைப்பதும் முதல் சொட்டு மதுவைத் தெளிப்பதும் அவள்தான். மிலாடாவை நானே அழைத்திருந்தேன். ஏமாற்றப்போகிற ஒருத்திக்கு ஒரு மரியாதையாவது செய்வோம் என்ற நல்ல எண்ணம்.

மிலாடா வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயத்தை மூக்கில் ஒரு சொட்டு விட்டாள்.

"உன் பேரு யாத்ரான்" என்றாள்.

குரோஷியாக் கடலை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். நான் அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன். கடலைத்தான் இழக்கப்போகிறாள், பெயரையாவது வைத்துக்கொள்ளட்டும்.

கோப்பைகளை நிரப்பினாள். "ஆரோக்கியத்துக்கு!" என்று மோதிக்கொண்டோம், கண்ணோடு கண் பார்த்து. எங்கள் ஊரில் கோப்பையை மோதும்போது எதிராளியின் கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காதவனுக்குப் படுக்கையறையில் ஏழு வருஷம் பஞ்சம். கடவுளை நம்பாதவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. இதை நம்பாதவன் ஒருவன்கூட இல்லை.

"ஹவ்ரானெக் எங்க?" என்றாள் மிலாடா.

"உடம்பு சரியில்லையாம்."

"அப்படியா, பாவம்."

நான் ஓடுபாதை ஓரமாகப் போய்க் கால்களை அகட்டி நின்றேன். பெட்டியைப் பிடித்தேன். விளக்கு எரிந்தது. பெரிய குரலில் "கிளம்புது!" என்று கத்தினேன். அது புதருக்கான அடையாளம்.

யாத்ரான் முனகியது. உருண்டது. புல்லின் நுனிகளை உரசிக்கொண்டு ஓடி, ஓடிக்கொண்டே இருந்து, எந்த இடத்தில் ஓட்டம் முடிந்து பறத்தல் தொடங்கியது என்று தெரியாதபடி எழுந்தது. குளிர்காலம் முழுக்க என் கைகளுக்குள் இருந்த ஒன்று இப்போது என் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. பெற்ற பிள்ளை ரயிலேறிப் போகும்போது ஏற்படுகிற மாதிரி ஒரு சந்தோஷம், அதே மாதிரி ஒரு வலி. நான் ஓட்டவில்லை என்பதே எனக்கு மறந்துபோயிற்று. குச்சியை வலப்பக்கம் சாய்த்தேன், நானும் வலப்பக்கம் சாய்ந்தேன். முழங்காலை மடக்கினேன். நாக்கை வெளியே நீட்டினேன். பெரிய விமானிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று கேள்வி.

மேலே ஒரு வெள்ளைப் புள்ளி வட்டமடித்தது. முழு வட்டம்!

"சுத்திடுச்சு!" என்று கத்தினேன். "மிலாடா, பாத்தியா? ஒரு சுத்து!"

"பாத்தேன், பாத்தேன். இனி இறங்கணும், அவ்வளவுதானே?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டிகள், சாராயப் புட்டி, இரண்டு கோப்பைகள். என் வாயில் எச்சில் ஊறியது. அவள் என்னைத் தாண்டிப் போனாள்.

"எனக்கு?"

"உனக்குக் கூடாது. ஓட்டறவன் வானத்துலேருந்து கண்ணை எடுக்கலாமா?"

எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். பிறகுதான் அவள் எந்தத் திசையில் போகிறாள் என்று கவனித்தேன். புதரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

கத்த முடியாது. ஓட முடியாது. நான் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

புதருக்குப் பின்னாலிருந்து பேச்சு கேட்டது.

"அட, ஹவ்ரானெக்! உடம்பு சரியில்லைன்னாரே?"

"காத்து வாங்கினா தேவலைன்னு... வந்தேன்."

"கையில என்ன பெட்டி?"

"ரேடியோ. பாட்டு கேக்கறேன்."

"சத்தமே வரலியே?"

"மெதுவான பாட்டு."

"வானத்தைப் பாத்துக்கிட்டேதான் கேப்பீங்களா?"

"சோகப் பாட்டு."

"பாவம். அப்ப ஒரு வாய் குடிங்க. எல்லாம் சரியாயிடும்."

"அப்புறமா. அங்க வச்சிட்டுப் போங்க."

"ஞானத்தாய் ஊத்தறதை வேண்டாம்பாங்களா? விமானத்துக்கு ஆகாது. பிடிங்க."

ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் குச்சி என்று அவன் நின்ற நிலையை என்னால் ஊகிக்க முடிந்தது.

"ஆரோக்கியத்துக்கு!" என்றாள் மிலாடா. கோப்பைகள் மோதின. "கண்ணைப் பாருங்க, ஹவ்ரானெக்."

"பாக்கறேன், பாக்கறேன்..."

"மேகத்தைப் பாக்கறீங்க. என் கண்ணை. ஏழு வருஷமாச்சே! ஏற்கனவே உங்க வீட்டுக்காரி கொஞ்சம் குறைபட்டுக்கிட்டா."

ஹவ்ரானெக் பார்த்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் இடத்தில் யார் இருந்தாலும் பார்த்திருப்பார்கள். மிலாடாவின் கண்ணை ஒருமுறை பார்த்தால் அவளாக விட்டால்தான் உண்டு. நான் பார்த்து முப்பது வருஷமாகிறது, இன்னும் விடவில்லை.

எங்கோ ஒரு சின்னச் சத்தம், முட்டைப் பெட்டியின்மேல் யாரோ உட்கார்ந்ததுபோல.

"போச்சு!" என்று ஹவ்ரானெக் அலறினான்.

என்ன போச்சு? யாத்ரான் என் தலைக்குமேல் அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, இறக்கையை அசைக்காமல், அத்தனை அழகாக. மோட்டார் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. சக்கரங்கள் பின்பக்கமாக நீண்டு தெரிந்தன, லேசாகச் சிவந்து. சக்கரத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் உயரத்தில் எல்லாமே வேறு நிறமாகத் தெரியும் என்று குச்சியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு அது ஆலைப் பக்கம் போய் என் பார்வையிலிருந்து மறைந்தது.

திரும்பினால், எல்லோரும் கடுகு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் நாற்காலியைத் திருப்பிப்போட்டிருந்தார்.

மிலாடா வந்தாள். "விழுந்துடுச்சு, ராசா."

வயலின் நடுவில், மஞ்சளுக்குள் ஒரு வெள்ளை வால் தலைகீழாக நின்றது. என் சொர்க்கம், என் தவளைகள், என் பீர், எல்லாம் அந்த வாலோடு நட்டுக்கொண்டு நின்றன.

"நீதான் கெடுத்த!" என்று வெடித்தேன்.

"நானா? உன் பக்கத்துலகூட வரலியே. உனக்கு ஒரு சொட்டுகூடக் குடுக்கலியே."

"ஹவ்ரானெக்குக்கு எதுக்கு ஊத்தின?"

"ஹவ்ரானெக் குடிச்சா உன் விமானம் எதுக்கு விழணும்?"

நான் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். சங்கத்துக்காரர்கள் எல்லோரும் தங்கள் காலடிப் புல்லை ஆராய்ச்சி செய்தார்கள். ஹவ்ரானெக் புதரோடு புதராகிவிட்டான்.

"சொல்லு லூபோர். ஓட்டினது யாரு?"

"...நான்தான்."

"அப்ப விழவச்சது யாரு?"

"நான்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"மிலாடா" என்றார் மாமியார், "முன் சீட்டுக்கு அந்தச் சின்னத் தலையணையை மறக்காம எடுத்து வச்சுடு."

வயலுக்குள் இறங்கி விமானத்தைப் பிடுங்கியெடுத்தோம். இறக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கு மட்டும் நொறுங்கியிருந்தது. ஈயம் வெளியே தெறித்து, கடுகுப் பூக்களுக்கு நடுவில் கிடந்தது. இடித்த வேகத்தில் அது இன்னும் கொஞ்சம் வளைந்து, இன்னும் கொஞ்சம் சுருண்டிருந்தது. மிலாடா அதைக் கைக்குட்டையில் துடைத்து என்னிடம் நீட்டினாள். நான் பார்த்தேன். அலைதான். நுரைகூடத் தெரிந்தது.

கோடையில் குரோஷியாவுக்குப் போனோம். மிலாடா காரை ஓட்டினாள். மாமியார் முன் சீட்டில் தலையணையோடு தூங்கினார். நான் பின் சீட்டில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். எல்லை தாண்டியதும் எனக்குள் ஒரு கேள்வி தாங்க முடியாமல் துள்ளியது.

"மிலாடா, கோவிச்சுக்காதே. அன்னிக்கு ஓட்டினது நான் இல்லைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? ஹவ்ரானெக்கோட பெண்டாட்டி சொன்னாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. தூரத்துல பாக்கறதுக்கு நீ போடற கண்ணாடி அன்னிக்குக் காலையில மேசையிலேயே கெடந்துது. எடுத்துக் கைப்பையில போட்டுக்கிட்டு வந்தேன். பறக்கவிடறதுக்கு முன்னால நீயாவே அதைக் கேப்பேன்னு பாத்தேன். நீ கேக்கவே இல்ல."

கண்ணாடிக்கடைக்காரனான நான் தலைகுனிந்தேன். மூக்கிலிருந்த கண்ணாடி வழுக்கி ஷ்னிட்சல் டப்பாவின்மேல் விழுந்தது.

"அதை மாட்டிக்கிட்டுத்தான் அன்னிக்கும் நின்ன" என்றாள் மிலாடா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இருந்தாலும் சொல்லணும், நல்லாத்தான் ஓட்டின. விமானம் விழுந்த பிறகும் விடாம ஓட்டினியே, அந்த நாரையை. பத்திரமாக் கூட்டுல கொண்டுபோய் இறக்கிட்டியே."